அறுபத்தைந்தாம் எண்

தராசின் கோப்பு மறுபடியும் காணாமல் போயிருந்தது.

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கின் பழைய கணினி, எடைக் கணக்கு எழுதும் மகாவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. எடைமேடை அனுப்பும் எண்ணைப் படிக்க அதற்கு ஒரு சாதனக் கோப்பு வேண்டும். கரண்ட் போய் வந்தால் அது அழிந்துவிடும். கட்டளைத் திரையில் பெயரையும், மேடையின் வயர் செருகும் துளையின் எண்ணையும் தட்டி அவள்தான் திரும்ப உண்டாக்க வேண்டும். மேடை காலி என்று திரையில் 0.0 வந்தால்தான் எடை போடத் தொடங்க முடியும். மழை ஓட்டுக்கூரையை அறைந்துகொண்டிருந்தது. ஈரச் சாக்கும் மிளகுத் தூசியும் கலந்த நெடி மூக்கை அரிக்க, பட்டப்பகலிலேயே இருட்டிக் கிடந்த அடுக்குகளுக்கு நடுவே, மிளகு மிதிபடுவதுபோல் ஏதோ மெல்ல நெரிந்தது.

"சேச்சி, ஐலண்டு துறைமுகத்துல கேட்டை அடைச்சிருவான்! கப்பல் போச்சுன்னா முதலாளி உங்களைத்தான் பிடிப்பாரு!" லாரி ஓட்டும் ஷாஜி வாசலிலிருந்து கத்தினான்.

"கத்தாதே ஷாஜி! இந்தச் சனியன் பிடிச்ச பெட்டி கேட்டாத்தானே!"

போன லோடு தவறியபோதே முதலாளி கடைசியாக எச்சரித்துவிட்டார். இதுவும் தவறினால் வேலை போய்விடும். அந்த ஆத்திரத்தில் 64 என்பதற்குப் பதில் 65 என்று தட்டிவிட்டாள். அது பழைய மேடையின் எண். சாக்கு அடுக்கு சரிந்து சுமைக்காரர் நீலகண்டன் செத்த அன்றே அந்த மேடையைப் பிய்த்து எறிந்துவிட்டார்கள். அந்தத் துளையில் வயர்கூடக் கிடையாது.

திரையில் எடை வந்தது. 61.5.

முதல் சாக்குக்கு முன்னால் சுமைக்காரர் ஒருவர் மேடையில் ஏறி நின்று தராசைச் சரிபார்ப்பது இங்கே வழக்கம். உயிரோடு இருந்தவரை எப்போதும் ஏறியது நீலகண்டன்தான். அவருடைய எடை கிடங்கில் எல்லோருக்கும் மனப்பாடம்.

அறுபத்தொன்றரை.

மகா சட்டென்று கோப்பை அழித்தாள். எண் நிற்கவில்லை. பெயரை அழித்தாலும் ஏற்கெனவே திறந்த வழி மூடாது என்பது அப்போதுதான் உறைத்தது.

61.5. 61.5. 61.5.

பிறகு 0.0.

இறங்கிவிட்டது.

"சேச்சீ! ஆச்சா?"

சரியான எண்ணைத் தட்டினாள். 64. புது மேடை அவளுக்கு எதிரே, நாலடி தள்ளி, வெறுமையாக இருந்தது. மழைச் சத்தம் தவிர வேறெதுவும் இல்லை.

61.5.

மேடைமேல் படிந்த மிளகுத் தூசியில் இரண்டு வெறுங்கால் தடங்கள். ஈரமானவை. விரல்கள் அவள் பக்கம்.

பிறகு, காலையிலிருந்து அவள் ஏங்கிக் கிடந்த அந்தச் சுத்தமான எண் திரையில் வந்தது.

0.0.