தங்கக் கூடாத சத்திரம்

வாயாடிக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் அது பள்ளிக்கூடத்தோடு சரி. வீட்டில் எல்லோருக்கும் அவள் வாயாடிதான்.

விடுமுறைக்கு அவள் அத்தையோடு காரில் கிளம்பியிருந்தாள். அத்தை பொறியாளர். பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடுவது அவள் வேலை. அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது வாயாடியின் வேலை.

காலையில் இரண்டு கோட்டைகளைப் பார்த்தார்கள். முதல் கோட்டையில் மதில் இடிந்து, முள்செடி மண்டிக் கிடந்தது. இரண்டாவதில், ராஜா உட்காரும் மேடையில் ஓர் ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. இவர்களை அது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“எவ்வளவு மிடுக்கு பாரு அத்தை! இதுதான் இப்ப ராஜா போல.”

“மனுஷங்க வர்றதில்லையே. அப்புறம் ஆடுதானே ஆளும்?” என்றாள் அத்தை.

மதியத்துக்குமேல் நெடுஞ்சாலை ஓரத்துச் சத்திரத்துக்கு வந்தார்கள். வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாற அந்தக் காலத்தில் கட்டியது. பெரிய மரக்கதவு, நடுவே முற்றம், சுற்றிலும் அறைகள். வாசலில் காவல்கார அம்மா ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே ஒரு பலகை: ‘மாலை ஐந்து மணி வரை சுற்றிப் பார்க்கலாம். உள்ளே தங்கக் கூடாது.’

“சத்திரத்துல தங்கக் கூடாதா?” வாயாடிக்குச் சிரிப்பு வந்தது.

“மேல இருந்து உத்தரவு, பாப்பா. நான் என்ன பண்ண?” என்றார் காவல்கார அம்மா.

அத்தை உள்ளே போய் அளக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் மழை பிடித்துக்கொண்டது. சும்மா இல்லை, வானமே பொத்துக்கொண்டதுபோல் கொட்டியது.

ஒரு லாரி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வாசலுக்கு ஓடிவந்தார். “கண்ணாடி துடைக்கிற குச்சி உடைஞ்சுபோச்சு. ரோடே தெரியலை!” என்றார். அவர் பின்னாலேயே ஒரு ஸ்கூட்டர். கணவன், மனைவி, அவள் தோளில் ஒரு கைக்குழந்தை. மூவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். குழந்தை வீறிட்டு அழுதது.

வாசலில் நிற்க இடம் போதவில்லை. சாரல் முகத்தில் அறைந்தது.

“அம்மா, மழை விடற வரைக்கும் உள்ள உக்காந்துக்கட்டுமா?” என்று கேட்டாள் குழந்தையின் அம்மா.

காவல்கார அம்மாவின் முகம் வாடிவிட்டது. “எனக்கு மட்டும் மனசில்லையா? போன மாசம் ஒருத்தர் இங்க படுத்துத் தூங்கிட்டாருன்னு எனக்குத்தான் திட்டு விழுந்துச்சு. இன்னொரு தடவை நடந்தா வேலையே போயிடும்மா.”

வாயாடி குழந்தையைப் பார்த்தாள். அதன் உதடு குளிரில் நடுங்கியது. பிறகு பலகையை இன்னொரு முறை படித்தாள்.

“சுத்திப் பார்க்கலாம், இல்லையா?”

“தாராளமா.”

“அப்ப இவங்களும் சுத்திப் பார்க்கட்டும். நானே காட்டுறேன். மெ...துவா காட்டுறேன்.”

காவல்கார அம்மா ஒரு கணம் யோசித்தார். சட்டென்று நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார். “பார்க்க வந்தவங்களை நான் ஏன் தடுக்கணும்? வாங்க, வாங்க!”

உள்ளே போனதும் வாயாடி தொண்டையைச் செருமிக்கொண்டாள். “இது சுவர். இது... இன்னொரு சுவர்.”

அதற்குமேல் என்ன சொல்வது? மழையோ விடுகிற மாதிரி இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். “இந்தக் கல் எதுக்கு இருக்கும், அண்ணா?” என்று ஓட்டுநரையே கேட்டுவிட்டாள்.

அது தோள் உயரத்தில் நின்ற அகலமான கல். ஓட்டுநர் அதன்மேல் கை வைத்துப் பார்த்தார். “சுமையை இறக்கி வைக்கத்தான்! குனியவே வேண்டாம், அடுத்த ஆள் உதவியும் வேண்டாம். கட்டினவன் நம்ம மாதிரி மூட்டை சுமந்தவன்மா!”

அவ்வளவுதான், ஆளுக்கு ஆள் தேட ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்கூட்டர்காரர் சுவரில் ஓர் இரும்பு வளையத்தைக் கண்டுபிடித்தார். “இங்கதான் குதிரையை நிறுத்தியிருப்பாங்க. என் ஸ்கூட்டருக்கும் இப்படி ஒண்ணு வேணும்.”

மூலை அறைக்கு வந்ததும் குழந்தையின் அம்மா அண்ணாந்து பார்த்தாள். உத்தரத்தில் ஒரு கொக்கி தொங்கியது. “இது தொட்டில் கட்ட! வேற எதுக்கு?”

“இருங்க, தாங்குதான்னு பார்ப்போம்,” என்று ஓட்டுநர் எக்கி அதைப் பிடித்துத் தொங்கினார். கொக்கி அசையவே இல்லை. அளந்துகொண்டிருந்த அத்தையும் வந்து, பையிலிருந்து உலர்ந்த போர்வை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஓட்டுநர் லாரியிலிருந்து கயிறு கொண்டுவந்தார். துவட்டிவிட்டுத் தொட்டிலில் போட்டதும் குழந்தை இரண்டு தடவை விம்மிவிட்டுத் தூங்கிப்போனது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் ஒன்று நின்றது. காவல்கார அம்மா வெலவெலத்துப்போனார். “ஐயோ, அதிகாரி!”

அதிகாரி தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். “என்னம்மா இது? தங்கக் கூடாதுன்னு சொன்னேன். தொட்டிலே கட்டியாச்சா?”

வாயாடி முன்னால் வந்து நின்றாள். “நான்தான் சார் இவங்களைக் கூட்டிட்டு வந்தேன். இந்தக் காவல்கார அம்மா மேல தப்பு இல்லை. பாப்பா நனைஞ்சு நடுங்கிச்சு. நாங்க நிஜமாவே சுத்தித்தான் பார்க்கிறோம். இந்தக் கொக்கி எதுக்குன்னு இப்பதான் கண்டுபிடிச்சோம்.”

“பாப்பாவும் சுத்திப் பார்க்குதா?”

“அது கண்ணை மூடிட்டுப் பார்க்குது, சார்.”

அதிகாரி தொட்டிலை எட்டிப் பார்த்தார். மேலே இருந்த கொக்கியைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல இளகியது.

“மூணு வருஷமா இந்தக் கட்டடம் என் பொறுப்பு. இந்தக் கொக்கி எதுக்குன்னு எனக்கே தெரியாது,” என்றார். காவல்கார அம்மாவின் பக்கம் திரும்பினார். “மழை வந்தா கதவைத் திறந்துவிடுங்கம்மா. யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

காவல்கார அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“சரி, எனக்கும் காட்டு,” என்றார் அதிகாரி, சட்டையைப் பிழிந்துகொண்டே. “எங்கே ஆரம்பிக்கணும்?”

“சுவர்ல இருந்து, சார்!” என்றாள் வாயாடி.

எல்லோரும் மறுபடி முதலிலிருந்து கிளம்பினார்கள். வெளியே மழை இதற்குள் நின்றிருந்தது. அதைக் கவனிக்கத்தான் அங்கே ஆள் இல்லை.