ஆறு முழத் துணி

இட்லி ஆறிக்கொண்டிருந்தது. சூசை தட்டைத் தொடவே இல்லை. சென்னையிலிருந்து மகன் டோனி போனில் அனுப்பிய படத்தையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நீளமான வெள்ளைத் துணி ஒன்று, சுருட்டி வைத்தது. கீழே மகள் சிந்தியாவின் பெயர். பீச்சுக்குப் பின்தெருவில் ஒரு பழைய பிரெஞ்சு வீட்டில் அவளுடைய கண்காட்சி. தொடக்கம் இன்றைக்கு.

"பாத்துக்க மேரி. உம் பொண்ணு உன்னத் தெருவுல நிறுத்திட்டா," என்றார்.

அவர் மனைவி ஞானமேரி சட்னிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். அந்தத் துணி எது என்று அவளுக்குத் தெரியாதா என்ன... தன் காட்டன் புடவையில் நைந்த பாகமாகப் பார்த்துக் கிழித்தவளே அவள்தான். புதுத் துணி என்றால் குழந்தையின் மணிக்கட்டு கன்றிப்போகும் என்று பயம்.

சிந்தியாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. ஆறு வயதில் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போனபோது அங்கிருந்த டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். கையால் பேச விட்டால் பிள்ளைக்கு வாய் வராது, வீட்டில் சைகையே கூடாது என்று. ஞானமேரிக்கு மனசு கேட்கவில்லை. சூசைதான் ஒற்றைக்காலில் நின்றார். கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறவளை நாளைக்கு எவன் பெண் கேட்டு வருவான், கட்டிப்போட்டாவது பேசவை என்றார். சொன்னவர் அவர், கட்டியவள் இவள். நர்சரிப் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, தினமும் சாயங்காலம் மகளை மடியில் உட்காரவைத்து, இரண்டு கைகளையும் துணியால் சுற்றி, கண்ணாடி முன்னால் உதட்டசைவு பழக்கினாள். நான்கு வருஷம்! இருபது முப்பது வார்த்தைகள் வந்தன. மகள்தான் இல்லாமல் போனாள்.

படிப்பு முடிந்ததும் சிந்தியா காலாப்பட்டில் தன்னைப் போன்ற தோழிகளோடு வீடெடுத்துத் தங்கிவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு வருவாள், கேக்கைச் சாப்பிடுவாள், போனைப் பார்ப்பாள், கிளம்பிவிடுவாள். ஞானமேரி தினமும் 'சாப்டியா' என்று அனுப்புவாள். கட்டைவிரல் படம் ஒன்று திரும்பி வரும். ஆறு வருஷமாக அவ்வளவுதான் பேச்சு. சொந்தக்காரர்கள் கேட்டால் சூசை கொஞ்சமும் கூசாமல், எல்லாம் இவள் கெடுபிடியால் வந்தது என்பார். ஞானமேரி மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெண்ணுக்கு அப்பாவாவது மிஞ்சட்டுமே என்று நினைத்தாள். இப்படியும் ஒரு பைத்தியம் உண்டா! அப்பாவிடமும் அந்தப் பெண் ஒட்டவில்லை என்பதுதான் வேடிக்கை.

அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் சூசைக்குக் கோபம் ஏறியது. அவ உன்ன கூப்பிட்டாளா என்று கேட்டார்.

"கூப்புடல. அவ எம் பொண்ணு... போறேங்க."

ஆட்டோவில் போகிற வழியெல்லாம் அங்கே என்ன வைத்திருப்பாள் என்றே யோசித்தாள். தன் படத்தை மாட்டியிருப்பாளோ? கண்ணாடியை வைத்திருப்பாளோ? நாலு பேர் பார்க்கத் தலைகுனிந்து நிற்கவேண்டியதுதான். ஆனாலும் மகள் தன்னைத் திட்டுவதென்றால் அதையாவது நேரில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. கட்டைவிரல் படத்துக்கு அது எவ்வளவோ மேல்.

அங்கே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே படிகாரமும் மூலிகை ஊறிய வெந்நீரும் கலந்து மணத்தது. லாஸ்பேட்டையில் படிக்கிற, சைகை மொழி தெரிந்த அபி என்ற பெண் வருகிறவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். சீனாவில் அந்தக் காலத்தில் ஐந்தாறு வயதுப் பெண்குழந்தைகளின் கால்களை மூலிகை வெந்நீரில் ஊறவைத்து, படிகாரம் தூவி, விரல்களை உள்ளே மடக்கி, நீளத் துணியால் இறுக்கிக் கட்டிவிடுவார்களாம். பாதம் மூன்று அங்குலத்துக்கு மேல் வளரக்கூடாதாம். கைக்குள் அடங்கும் களிமண் பாதம் ஒன்றைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தாள். ஞானமேரிக்கு மடத்தனமாக ஒரு நிம்மதி வந்தது. அட, சீனாக்காரர்கள் காலைப் பற்றியதா இது! நம்மைப் பற்றி இல்லையா!

சுவரில் எழுதியிருந்ததைப் படிக்கும்வரைதான் அந்த நிம்மதி. 'பாதம் பெரிதானால் பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று பயந்தார்கள். பெரும்பாலும் கட்டியது அம்மாதான்.'

அந்த வரியை அவள் மறுபடியும் படித்தாள். அபி அவளை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, ஆறு முழத் துணியை அவள் பாதத்தில் மெல்லச் சுற்றினாள். அடியில் வைத்திருந்த மோட்டாரால் பெஞ்சு அதிரத் தொடங்கியது. ஒரே சீராக இல்லை. சின்னதாக ஒரு குலுக்கல், அடக்கியது போல ஓர் இடைவெளி, மறுபடி இரண்டு குலுக்கல். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், மசாஜ் நாற்காலி மாதிரி இருக்கிறது என்று சிரித்தாள்.

இது என்ன என்று ஞானமேரி கேட்டாள்.

"சிந்தியா அக்காவோட அம்மா மடி, ஆண்ட்டி. கையக் கட்டிட்டு அவங்க அம்மா சத்தமில்லாம அழுவாங்களாம். அக்காவுக்குச் சத்தம் எதுக்கு? மடி குலுங்குறது தெரிஞ்சிடும்ல?"

ஞானமேரி பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியில் தன் முகம் விழாதபடி தள்ளி உட்கார்ந்துதான் அன்றெல்லாம் அழுதாள். அது ஒருவருக்கும் தெரியாது, கடவுளைத் தவிர யாருக்கும் தெரியாது என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள். பாவி மகளே... எல்லாம் தெரிந்தா வைத்திருந்தாய்?

நிமிர்ந்தபோது சிந்தியா எதிரில் நின்றாள். அவள் முகமும் நனைந்திருந்தது. போனில் எதையோ அடித்து நீட்டினாள்.

'அப்பாதான் கட்டச் சொன்னாரு. அவர் வாயப் பாத்துப் பாத்து சின்ன வயசுலயே தெரிஞ்சிக்கிட்டேன். நீ ஏன் ஒருநாளும் எங்கிட்ட சொல்லல?'

நல்ல வாய்ப்பு! பழியை முழுசாக இறக்கி வைத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஞானமேரி தலையை ஆட்டினாள். மகளுக்குத் தெரிகிற மாதிரி உதட்டைப் பிரித்துப் பிரித்துச் சொன்னாள்.

"சொன்னது அவரு. கட்டுனது நானுடி. முடியாதுன்னு நான் சொல்லியிருக்கணும்... சொல்லல."

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அந்தப் பெண் காத்திருந்தாள் போல. அப்படியே சரிந்து தாயின் மடியில் முகம் புதைத்தாள். ஞானமேரி வாய்விட்டு அழுதாள். இந்தத் தடவை யாருக்காகவும் அடக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து சிந்தியா தலையைத் தூக்கி, வாயைக் கோணி, தொண்டையிலிருந்து சிரமப்பட்டு ஒரு குரலை எழுப்பினாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஞானமேரி சட்டென்று மகளின் உதட்டில் விரலை வைத்தாள்.

"வாய் வேணாம்மா. கையால சொல்லு."

சிந்தியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு அவள் கைகள் பேசின. நீளமாக, வேகமாக, நடுவில் அழுகையோடு, ஓர் இடத்தில் கோபமாகக்கூட. ஞானமேரிக்கு அதில் ஒரு சொல்கூடப் புரியவில்லை. அபி அருகில் வந்து, நான் சொல்லட்டுமா ஆண்ட்டி என்றாள்.

வேண்டாம் என்றாள் ஞானமேரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பி, இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லச் சொன்னாள்.