தொழுவத்தில் ஒன்று கூடுதல்

தொழுவத்தில் ஒரு பசு, ஒரு பன்றி, இரண்டு கோழி, அவ்வளவுதான் இருக்க வேண்டும். பார்த்துப் பார்த்து அவன்தான் வாங்கினான். ஆனால் திரையில் ஐந்தாவதாக ஒன்று நின்றது. கடைசி மூலையில், சுவரைப் பார்த்தபடி, ஒரு கிழட்டு ஆடு.

“இது எப்படா வந்துச்சு?” என்று முணுமுணுத்தான். பிறகு மைக் ஓடிக்கொண்டிருப்பது ஞாபகம் வந்து, சிரித்துச் சமாளித்தான்.

விளையாட்டுக் காணொளி பார்க்கிறவர்கள் அவனைப் ‘பண்ணையார்’ என்று கூப்பிடுவார்கள். நிஜத்தில் ஒரு ரோஜாச் செடிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றியவனில்லை. டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, பொத்தானைத் தட்டித் தட்டிப் பண்ணை நடத்துகிறவன். அந்தப் பண்ணை விளையாட்டில் எந்த விலங்கை வளர்க்கலாம், எதை விற்றுத் தொலைக்கலாம் என்று ஊருக்கே உபதேசம். ‘தராததைத் தள்ளு!’ என்பது அவனுடைய தாரக மந்திரம்; அதை அச்சடித்த பனியன்கூட இரண்டு வைத்திருந்தான். ஒருமுறை யாரோ ஒரு பெண் எழுதியிருந்தாள்: ‘என் ஆட்டுக்கு வயசாயிடுச்சு, பால் தரல. ஆனா பேர் வச்சிட்டேன், விக்க மனசு வரல. என்ன செய்யலாம்?’ அதற்கு அவன், ‘பேர் வச்சா பால் கறக்குமா?’ என்று பதில் போட்டுவிட்டு, நாள் முழுக்கத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தான். இந்த அறிவாளித்தனத்துக்குக் கைதட்டவும் ஒரு கூட்டம் இருந்தது.

இன்றைய பாடம், பனிக்காலத்துக்கு எதை வைத்துக்கொள்வது என்பது. வெளியே மழை சாயங்காலத்தையே கரைத்துக்கொண்டிருந்தது. விளக்கைப் போடாமல், திரை வெளிச்சத்தில் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

“பாருங்க நண்பர்களே, இந்த ஆடு எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல. கம்பளி இல்ல, பால் இல்ல. ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்குது, நடக்கக்கூட முடியாது போல. இது எதுக்கும் உதவாது. பாவம் பாக்காதீங்க.”

விலங்கின் மேல் அம்புக்குறியை வைத்தால் அதன் விவரம் வரும். வந்தது. ‘தருவது: இல்லை.’ கீழே வழக்கமான இரண்டு பொத்தான்கள்: ‘வளர்க்கலாம்’, ‘விற்கலாம்’. இரண்டாவதை அமுக்கினான். லாரி வந்தது, இரண்டு தடவை ஹாரன் அடித்தது, பின்பக்கப் பலகை தடாலென்று இறங்கியது. ஆடு நொண்டி நொண்டி ஏறியது. ஏறும்போது அதன் கழுத்தில் ஏதோ ஒலித்தது.

ட்ரிங்.

ஆட்டு மணி அப்படி ஒலிக்காது. அது சைக்கிள் மணி.

ஹெட்போனைக் கழற்றி, பக்கத்து அறைக் கதவைப் பார்த்தான். சாத்தித்தான் இருந்தது.

அந்த அறையில் அவனுடைய அக்கா படுத்திருந்தாள். அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டே பேர். தாய் தகப்பன் போன பிறகு தையல் மெஷினை மிதித்து மிதித்து அவனை ஆளாக்கியவள் அவள். இந்த டிவி, அவன் உட்கார்ந்திருக்கிற நாற்காலி, எல்லாமே அந்த மிதியில் வந்தவைதான். படிப்பும் ஏறாமல் வேலைக்கும் போகாமல் அவன் வீட்டோடு கிடந்த காலத்தில் மாமா வந்து, “இந்தத் தண்டச்சோத்தை இன்னும் எத்தனை நாளைக்கு வச்சுக் கட்டி அழுவ? வெளியே தள்ளு!” என்று கத்தினார். “அவன் ஒண்ணும் தர வேண்டாம் மாமா, இருந்தாப் போதும்” என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்தபடியே. கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட புண்ணியவானுக்குக் கண் கலங்கவில்லை. சாப்பாட்டுக்கு என்ன குழம்பு என்று எட்டிப் பார்த்தான்.

போன வருஷம் அவளுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. அசைகிற இடது கையால் கூப்பிடட்டும் என்று, பார்க்க வந்த நர்ஸ் கட்டில் கம்பியில் ஒரு சைக்கிள் மணியைப் பொருத்திவிட்டுப் போனாள். தண்ணீருக்கு ஒரு ட்ரிங், புரட்டிப் படுக்க வைக்க ஒரு ட்ரிங். அது அவனுடைய காணொளிகளில் கேட்க ஆரம்பித்தது. ‘பண்ணையாரே, வாசல்ல பால்காரர்’ என்று எவனோ கிண்டல் அடித்தான். அன்றைக்கே ஸ்குரூ டிரைவரோடு போய், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணியைக் கழற்றி, சமையலறை இழுப்பறையில் போட்டு மூடினான்.

போன் அடித்தது.

“சார், காப்பகத்துலேருந்து பேசுறேன். காலையில வண்டி வந்துடும். அக்காவுக்கு மாத்துத் துணி மட்டும் எடுத்து வச்சிருங்க. அவங்ககிட்ட சொல்லிட்டீங்கல்ல?”

“சொன்னா மட்டும் புரியவா போகுது?”

“புரியும் சார். எல்லாருக்குமே புரியும்.”

“அதையெல்லாம் நீங்க வந்து பாத்துக்கங்க” என்று வைத்துவிட்டான். சம்பளம் வாங்குகிறவனெல்லாம் புத்தி சொல்ல ஆரம்பித்தால் விளங்கினாற்போலத்தான் என்று நினைத்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டினான்.

விளையாட்டில் மறுநாள் விடிந்தது. சேவல் கூவியது. தொழுவத்தைத் திறந்தான்.

ஆடு அங்கேயே நின்றது.

இப்போது சுவரைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்து நின்றது. அதற்கு முகம் இருந்த இடத்தில் வெளிச்சம் சரியாக விழவில்லை. பசுவும் பன்றியும் கோழிகளும் எதிர்ச்சுவரோரம் நெருக்கியடித்து நின்றன. ஹெட்போனுக்குள் மழை பெய்தது. மழைக்கு அடியில், எதையோ மென்று மென்று அசைபோடும் ஈரச் சத்தம். கூடவே ஒரு வாடை. நனைந்த கம்பளி, மூத்திரம், நாள்பட்ட வைக்கோல். விளையாட்டில் வாடை ஏது என்று அவனே தன்னைத் திட்டிக்கொண்டான். அக்காவுக்குத் துணி மாற்றவில்லை, அதுதான், வேறென்ன.

“சனியன், திரும்பி வந்துருச்சு பாருங்க” என்று மைக்கில் சொன்னான். மறுபடி விற்றான். லாரி, ஹாரன், பலகை. ட்ரிங்.

அடுத்த விடியலில் தொழுவம் சுத்தமாகக் காலியாக இருந்தது. பசுவும் இல்லை, பன்றியும் இல்லை. கோழி இறகு ஒன்றுகூட இல்லை. தரையில் ஒற்றைக்கால் இழுபட்ட தடம் மட்டும், தொழுவத்திலிருந்து களத்துக்கு, களத்திலிருந்து பண்ணை வீட்டு வாசலுக்கு.

பண்ணை வீட்டுக்கு உள்ளே போக அந்த விளையாட்டில் வழி கிடையாது. அது வெறும் படம். அவனுக்குத் தெரியும், எத்தனையோ முறை முட்டிப் பார்த்திருக்கிறான்.

கதவு திறந்திருந்தது.

கன்ட்ரோலரைக் கீழே வைத்தான். ஹெட்போனைக் கழற்றினான். அசைபோடும் சத்தம் நிற்கவில்லை.

சமையலறையிலிருந்து வந்தது, ட்ரிங்.

“அக்கா?” என்றான். முட்டாள்தனம். அவள் எப்படிச் சமையலறைக்குப் போவாள்?

நடந்தான். இழுப்பறை திறந்து கிடந்தது. கரண்டிகள். ஸ்குரூ டிரைவர். ஒரு பிடி ஈர வைக்கோல். மணி இல்லை.

அக்காவின் அறைக் கதவைத் தள்ளினான். ஒட்டடைக்கும் மருந்துக்கும் நடுவே அந்த வாடை மூக்கில் அறைந்தது. கட்டிலில் அவள் இல்லை. தலையணையில் பள்ளம். போர்வையைத் தொட்டான். சூடு இருந்தது. மூலையில் தையல் மெஷின் சக்கரம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது, யாரோ இப்போதுதான் காலை எடுத்ததுபோல.

கூடத்தில் பொத்தான்கள் தட்டும் சத்தம்.

டிக். டிக். டிக்.

திரும்பினான். ஓடவில்லை.

அவனுடைய நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். முதுகு காட்டி, நிமிர்ந்து, அந்தக் காலத்தில் மெஷின் முன்னால் உட்காருவாளே, அப்படி. மடியில் கன்ட்ரோலர். ஒரு வருஷமாக அசையாத வலது கை அதன்மேல் லாகவமாக நகர்ந்தது. மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

திரையில் பண்ணை இல்லை. ஒரு கூடம். இருட்டு. ஒரு நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால், வாசல்படியில், பனியன் போட்ட ஓர் உருவம்.

அம்புக்குறி அந்த உருவத்தின்மேல் வந்து நின்றது.

‘தருவது: இல்லை.’

வளர்க்கலாம். விற்கலாம்.

“அக்கா” என்று கூப்பிட்டான். கூப்பிட நினைத்தான். வாயிலிருந்து வந்தது வேறு. “ம்ம்ம்…” முழங்கால் மடிந்தது. வலப்பக்கம் மரத்தது. உள்ளங்கை தரையில் பட்டது. பிறகு அது உள்ளங்கையாக இல்லை.

அம்புக்குறி ‘வளர்க்கலாம்’ பொத்தானுக்குப் போயிற்று. அங்கேயே நின்றது.

அவனுக்கு உயிர் வந்தது. அவள் அவனை விடமாட்டாள். எப்போது விட்டிருக்கிறாள்? இருந்தாப் போதும் என்றவளாயிற்றே. சொல்லு அக்கா. மாமாகிட்ட சொன்னியே. சொல்லு.

அவள் கொஞ்சம் யோசித்தாள். அவசரமே இல்லை. துணியை வெட்டுவதற்கு முன்னால் அப்படித்தான் யோசிப்பாள்.

பிறகு மைக் பக்கம் குனிந்து பேசினாள். தெளிவான குரல். கோபமே இல்லாத குரல்.

“பாவம் பாக்காதீங்க.”

டிக்.

தெருவில், மழைக்குள், ஒரு வண்டி வந்து நின்றது. இரண்டு தடவை ஹாரன் அடித்தது. வீட்டு வாசலில் பலகை தடாலென்று இறங்கியது.

அவன் தலையைத் திருப்பிப் பார்த்தான். கழுத்தில் மணி ஒலித்தது.