களத்தில் நின்ற கார்

"எங்க வூட்டுக்கு வந்த காரு இல்லம்மா அது. நானும் எல்லாத்தையும் கேட்டுப் பாத்துட்டேன்."

"நல்லா யோசிச்சுப் பாருங்க மாமா. மெரூன் பட்டு கட்டிக்கிட்டு ஒரு அக்கா. கலியாணத்துக்கு வந்திருக்கோம், வண்டிய இங்க போட்டுக்கட்டுமான்னு கேட்டாங்க."

"பொண்ணு வூட்டுக்காரங்க பூரா வேன்ல வந்தாங்க. எங்காளுங்க வண்டியெல்லாம் அன்னக்கி சாயந்தரமே கெளம்பிருச்சு. மிச்சம் நிக்கிறது எங்க மச்சான் ஸ்கூட்டர்தான், அதுவும் பஞ்சரு." பஞ்சநாதன் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். "ஒனக்கென்னம்மா, யோகந்தான். பரணி லாரி ஓட்டுறான். நீ காரு ஓட்டு."

அம்சவள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை. வந்த வேலை முடிந்துவிட்டது என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள்.

அவர் மகன் கல்யாணம் முடிந்து ஒரு வாரம் ஆகப் போகிறது. பந்தல் கழிகளைக்கூடப் பிரித்து ஏற்றியாயிற்று. குன்னம் பக்கத்து ஊர்களில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால், ரோட்டோரம் களம் வைத்திருக்கிறவர்கள் அன்றைக்குக் களத்தைக் கூட்டி, வருகிற வண்டிகளுக்கு விட்டுவிடுவார்கள். யார், எந்த ஊர், எந்த வழியில் சொந்தம் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் கல்யாண வீட்டுக்காரருக்கு மனசு கோணும். அம்சவள்ளியும் கேட்கவில்லை. சாயந்தரம் எல்லா வண்டியும் போனது. அந்த வெள்ளைக் கார் மட்டும் போகவில்லை.

அவள் வீடு ஊரை விட்டுத் தள்ளி, மக்காச்சோளக் காட்டுக்குள் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் அறுத்த சோளத் தட்டையும், சுற்றுச்சுவர் இல்லாத பாழுங்கிணறும். முன்னால் சிமெண்டுக் களம். களத்தைத் தாண்டினால் ரோடு. புருஷன் பரணிதரன் சிமெண்டு லோடு ஏற்றிக்கொண்டு கேரளா போயிருந்தான். வீட்டில் அவளும் ஆறு வயது இலக்கியாவும் மட்டும்தான்.

முதல் இரண்டு நாள் அவள் காரைப் பெரிதாக நினைக்கவில்லை. அறுத்த சோளம் காய வேண்டியிருந்தது. காரை விட்டுவிட்டு அதைச் சுற்றிப் பரப்பினாள். தை மாதத்து வெயில் நன்றாகவே அடித்தது. மற்ற இடத்திலெல்லாம் மணி கல்லாகக் காய்ந்து, காலால் துழாவும்போது சலசலவென்று ஓடியது. காரைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மட்டும் மணி ஊறி, உப்பி, குழந்தையின் பால்பல்லைப் போல வெள்ளை முளை விட்டிருந்தது. களத்தில் எதைப் போட்டாலும் கொத்தித் தின்னும் கோழிகள் அந்த முளையின் பக்கம் போகவே இல்லை. காரின் கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கமாக வேர்த்திருந்தன. ஊரே காய்ந்து கிடக்கும் உச்சிப் பொழுதிலும், நிறையப் பேர் நெருக்கி உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் பஸ்ஸின் கண்ணாடியைப் போல அவை மங்கிப் போயிருந்தன. கிட்டே போனால் வாடிய மல்லிகையும் காயாத துணியும் கலந்த ஒரு வாடை, கதவிடுக்கு வழியாக மெல்லக் கசிந்து வந்தது.

இன்று காலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார். எல்லாக் கதவும் பூட்டியிருந்தது. மறுநாள் காலையில் இழுவை வண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த மறுநாள் என்பது நாளை. நடுவில் இன்றைய பொழுது மட்டும்தான் இருந்தது.

இதற்கிடையில் வீட்டில் பிள்ளையின் சாமான்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. முதலில் சிவப்பு ரிப்பன். பிறகு செருப்பு. நேற்று போர்வை. எங்கேயாவது போட்டுவிட்டு வந்திருப்பாள் என்று அம்சவள்ளி பிள்ளையின் முதுகில் இரண்டு வைத்தாள்.

பஞ்சநாதன் வீட்டிலிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளையை அழைத்துக்கொண்டு திரும்பினாள். களத்தில் கால் வைத்ததுமே இலக்கியா நின்றுவிட்டாள்.

"அம்மா, என் செருப்பு."

காரின் பின்கதவுக் கண்ணாடியில், கீழே, உள்ளங்கை அளவுக்கு ஓரிடம் துடைக்கப்பட்டிருந்தது. உள்பக்கமாக. அம்சவள்ளி குனிந்து பார்த்தாள்.

பின்சீட்டில் இலக்கியாவின் போர்வை நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ரிப்பன், அழகாகச் சுருட்டி. கீழே செருப்பு, ஜோடி சேர்த்து. பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில், நிறைத்து. ஊருக்குக் கிளம்புகிற பிள்ளைக்குப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்ததுபோல இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது.

கல்யாணத்தன்று அந்தப் பெண் காரிலிருந்து இறங்கித் தண்ணீர் கேட்டாள். ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மடக்கில் குடித்தாள். அவள் பட்டுச்சேலையின் கரை நனைந்து கணுக்காலில் ஒட்டியிருந்தது. கதவோரம் நின்ற இலக்கியாவின் கன்னத்தை வழித்துவிட்டு, "இவள நான் கூட்டிட்டுப் போயிரட்டுமா?" என்று கேட்டாள். எல்லா விருந்தாளியும் கேட்பதுதான். எல்லா அம்மாவும் சொல்வதைத்தான் அம்சவள்ளியும் சொன்னாள். "தாராளமா கூட்டிட்டுப் போங்க. ஒங்க வூட்டுப் புள்ளதானே. சேட்ட தாங்க முடியல."

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "சரி" என்றாள்.

அம்சவள்ளி பிள்ளையை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் பரணிதரனுக்குப் போன் செய்தாள்.

"அட இவ ஒருத்தி. அதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொல்றதுதானே?" லாரி இரைச்சலுக்கு நடுவே அவன் கத்தினான். "நம்ம ஜெயசித்ரா அக்கா கேட்டப்ப நாங்கூடத்தான் சொன்னேன், கூட்டிட்டுப் போ, கூட ரெண்டு ஆட்டையும் ஓட்டிட்டுப் போன்னு. போயிருச்சா?"

"செருப்பு உள்ள இருக்குங்க. பூட்டுன வண்டிக்குள்ள இருக்கு."

"புள்ளய கூட்டிக்கிட்டு பஞ்சநாதன் மாமா வூட்டுக்குப் போ. விடிய வந்துருவேன். போற வழியில வேணா அந்தக் காருகிட்ட, தர முடியாதுன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றான். சிரிக்கப் பார்த்தான். சிக்னல் போய்விட்டது.

வெளியே பொழுது மசமசவென்று இறங்கிக்கொண்டிருந்தது. பஞ்சநாதன் போனை எடுக்கவில்லை. பின்பக்கமாகப் போகலாமென்றால் கிணறு. ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் களம்தான் வழி. அவள் பரணிதரனின் துண்டை எடுத்துப் பிள்ளையின் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் சேர்த்து முடிந்தாள். பல்லால் கடித்து இழுத்து இன்னொரு முடிச்சும் போட்டாள்.

"என்னம்மா, ஆட்டுக்குட்டியாட்டம் கட்டுற?" என்றாள் இலக்கியா.

"ஓடிருவன்னுதான். கையைக் கெட்டியா புடிச்சுக்க. பேசிக்கிட்டே வரணும், வாய மூடக் கூடாது."

"என்ன பேசறது?"

"எதையாவது. பள்ளிக்கூடத்துல நடந்தத."

கதவைத் திறந்தாள். தூரத்தில் அரியலூர் ரோட்டில் போகும் லாரிகளின் உறுமல் காற்றில் வந்து வந்து போனது. களத்தில் சோளத்தின் மாவு வாசம், பனி இறங்கும் வாசம், அவற்றுக்கு அடியில் அந்த மல்லிகை வாடை. கார் இருட்டில் வெளுத்துத் தெரிந்தது. காலையில் இருந்த இடத்தைவிட வாசலுக்குச் சற்றுக் கிட்டே நிற்பதாகத் தோன்றியது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"பூவிழி முட்டைல மஞ்சக்கருவ எனக்குக் குடுத்துட்டாம்மா. அவளுக்கு அது புடிக்காதாம்."

"ம். பேசு."

காருக்கு நேராக வந்ததும் அம்சவள்ளி ரோட்டைப் பார்த்தபடியே நின்றாள்.

"அக்கா," என்றாள். "நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேங்க. என் புள்ளய நான் யாருக்கும் தர மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. வேற எது வேணும்னாலும் கேளுங்க."

ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, காரின் கதவுப் பூட்டு விலகும் சின்னச் சத்தம். டக்.

அவள் நடந்தாள். ஓடக் கூடாது. திரும்பக் கூடாது. காலடியில் காய்ந்த மணி சரசரத்தது. பிறகு ஈர மணி, வழுக்கியது. பிறகு மறுபடியும் காய்ந்த மணி. தாண்டிவிட்டோம்.

"அப்பறம் டீச்சரு அவள வையவே இல்லம்மா. எப்பவும் என்னயத்தான் வைவாங்க."

"பேசு சாமி. பேசிக்கிட்டே வா."

"நாளைக்கு நானும் மஞ்சக்கரு சாப்பிட மாட்டேன்..."

பிள்ளையின் கை சில்லிட்டிருந்தது. பனிதான். அம்சவள்ளி இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அந்தக் கையும் இறுக்கிப் பிடித்தது. ரோடு வந்துகொண்டிருந்தது. பஞ்சநாதன் வீட்டு விளக்கு தெரிந்தது.

"...பூவிழிகிட்டயே திருப்பிக் குடுத்துருவேன்..."

குரல் மெலிந்திருந்தது.

பிள்ளை சோர்ந்துவிட்டாள். அப்படித்தான் இருக்கும்.

"சத்தமா பேசு இலக்கியா."

"...அம்மா, இங்க ரொம்ப வேர்க்குது..."

குரல் பக்கத்திலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

கை அவள் கையிலேயே இருந்தது.

முடிச்சு அப்படியே இருந்தது. இரண்டு முடிச்சும்.

அம்சவள்ளி விரல்களை மெல்ல அசைத்தாள். அவள் பிடித்திருந்த விரல்கள் நீளமாக இருந்தன. ஒன்றில் மோதிரம். மணிக்கட்டில் கண்ணாடி வளையல்கள். ஈரம் சொட்டியது. புறங்காலில் சொட்டியது.

பக்கத்தில் பார்க்கவில்லை. திரும்பிக் காரைப் பார்த்தாள். பின்கண்ணாடியில் துடைத்த இடத்தில் இலக்கியாவின் முகம் இருந்தது. வாய் அசைந்துகொண்டிருந்தது. பேசிக்கொண்டே இருந்தாள். அம்மா சொன்னபடி. அவளுக்கு இரண்டு பக்கமும் மங்கலாக, நெருக்கி உட்கார்ந்த தலைகள். நிறையத் தலைகள். ஒரு கை நிதானமாக அவளுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தது.

அம்சவள்ளி கத்தினாள். இழுத்தாள். காரை நோக்கி இழுத்தாள். துண்டு மணிக்கட்டை அறுத்தது. பக்கத்தில் நின்றது நகரவில்லை.

துடைத்த இடம் மங்க ஆரம்பித்தது. ஓரத்திலிருந்து. முகம் பாதியானது. கண் மட்டுமானது.

பட்டுச்சேலையின் சரசரப்பு. ஈரமான விரல்கள் மிகப் பொறுமையாக முடிச்சை அவிழ்க்கத் தொடங்கின. ஒரு முடிச்சு அவிழ்ந்தது. கார் விளக்குகள் எரிந்தன. களம் முழுக்க வெள்ளை முளைகள்.

அம்சவள்ளி தன்னோடு கட்டியிருந்த அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சோளத்தின்மேல் மண்டியிட்டாள்.

"அக்கா," என்றாள். "என்னையும் கூட்டிட்டுப் போயிருங்கக்கா."