கணையத்தில் ஒரு ரகசியம்

டாக்டரின் வாய் நிறைய சர்க்கரை உருண்டைகள்!

அவற்றின் மேல்... எறும்புகள்.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் மூக்கை அழுத்திக்கொண்டாள். அறை முழுக்க இனிப்பும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை. நாற்காலியில் சாய்ந்து கிடந்தார் ஹோமியோபதி டாக்டர். ஒடிசலான கிழவர். கழுத்தில் விரல் தடங்கள். நெரித்தவன் அதோடு விடவில்லை. மேஜை மேலிருந்த புட்டியைத் திறந்து, அத்தனை உருண்டைகளையும் அந்த வாயில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறான்!

"ஓவர்டோஸ் போலிருக்கு மேடம்," என்றான் ஜீப் டிரைவர்.

"வாயை மூடு. முதல்ல அந்த எறும்பைத் தட்டி விடு."

உள்ளறையில் டாக்டரின் மனைவி. மருந்து கட்டிக் கொடுப்பவள் அவள்தான். காலிப் புட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தாளாம். திரும்பி வந்து பார்த்தால் இந்தக் கோலம். கண்ணில் ஒரு சொட்டு நீரில்லை.

அவளுக்குப் பின்னால் அலமாரி. வரிசை வரிசையாய்ப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் வாயில் நுழையாத பெயர். எல்லாமே ஒரே ஜாடியிலிருந்து நிரப்பியவை என்று கூசாமல் ஒப்புக்கொண்டாள். சளிக்கும் அதேதான். சேற்றுப்புண்ணுக்கும் அதேதான்.

"போர்டுல போட்டிருக்கே, கணையத்துல கட்டின்னு வந்தவங்களுக்குமா?"

"அவங்களுக்குப் பெரிய உருண்டை."

இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.

கடைசியாக வந்தவர் யார் என்று விசாரித்தாள். காண்ட்ராக்டர்! கணையத்தில் கட்டி. மாதக்கணக்காய் இங்கே உருண்டை சப்பியவர், கண் மஞ்சளானதும் பயந்துபோய் சர்ஜனிடம் ஓடியிருக்கிறார். நல்லவேளையாகக் கட்டி பரவவில்லை, வெட்டி எடுத்துவிடலாம் என்றாராம் சர்ஜன். நாளைக்கு ஆபரேஷன்.

நாளைக்குக் கத்தி... இன்றைக்கு எதற்கு உருண்டை டாக்டர்?

டிரைவரைக் காவலுக்கு விட்டுவிட்டு, ஜீப்பைத் தானே எடுத்தாள். ஆபரேஷன் மேஜையில் ஏதாவது ஆகிவிட்டால் உண்மையும் அங்கேயே மூடிக்கொண்டுவிடும். இன்றைக்கே வாயைத் திறக்க வைத்தாக வேண்டும்!

ஆஸ்பத்திரி அறை. கட்டிலில் மஞ்சள் பூத்துப்போன காண்ட்ராக்டர். காலடியில் உட்கார்ந்து, ஈரத்துணியால் அவர் பாதங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள் மனைவி.

டாக்டர் செத்துப்போன செய்தியைச் சொன்னதும் அவர் 'அடடா' என்றார். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டார்.

"நான் அப்பவே காலைப் பிடிச்சுக் கெஞ்சினேங்க, ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு," என்றாள் மனைவி. "கத்தின்னா பயம். எங்கண்ணன் இருந்திருந்தா குண்டுக்கட்டா தூக்கிட்டு வந்திருப்பான். இவரோட ஒண்ணா தொழில் பண்ணினவன். போய்ச் சேந்துட்டான்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மருந்தை எப்படித் தேர்ந்தெடுப்பார் சார்?"

"கேள்வியா கேப்பார். எந்தப் பக்கம் படுத்தா வலி, தாகம் எப்படி, என்ன கனவு வருது... கட்டிக்கு மருந்து இல்லையாம், ஆளுக்குத்தான் மருந்தாம். மனசுல அழுத்தி வச்சதுதான் வயித்துல கட்டியாகுதாம். ஒண்ணை மறைச்சாலும் மருந்து வேலை செய்யாதுன்னார்."

"நீங்க எதையும் மறைக்கலையே?"

அவர் போர்வையை மார்பு வரை இழுத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் ஒரு பொய்யை எடுத்து வீசினாள். காண்ட்ராக்டர் சொன்ன அத்தனையையும் டாக்டர் தன் மனைவியிடம் ஒப்பித்திருக்கிறார் என்று.

"மாடியில நடந்ததையுமா?"

"எந்த மாடி?"

ஈரத்துணி பாதத்தின் மேல் நின்றது.

"எங்கண்ணன் தவறி விழுந்தானே... அந்த மாடியா?" மனைவியின் குரல் எழும்பவே இல்லை. "தவறி விழுந்தான்னுதானே சொன்னீங்க?"

காண்ட்ராக்டர் சுவரைப் பார்த்தார்.

"சாகப் போறவனுக்கு என்ன ரகசியம்னு கொட்டிட்டேன். நான்தான் தள்ளினேன்னு... அப்புறம் பாத்தா சர்ஜன், பொழைச்சுக்குவேன்னு சொல்றார்."

"பொழைக்கப் போறவனுக்கு ரகசியம் வேணும். டாக்டர் கழுத்தை நெரிச்சிட்டீங்க."

தலை மெல்ல அசைந்தது.

"உருண்டையை வேற கொட்டினீங்களே, ஏன்?"

"ஒண்ணும் கேக்கல மேடம். அத்தனையும் வெறும் சர்க்கரை."

மனைவி அழவில்லை. எழுந்தாள். வாஷ் பேசினில் குழாயைத் திறந்தாள். அவர் பாதங்களைத் தொட்ட கைகளுக்கு சோப்புப் போட்டாள். கழுவினாள். மறுபடி சோப்பு... மறுபடி...

இன்ஸ்பெக்டரின் போன் அலறியது. டிரைவர்!

"மேடம், இந்தம்மா இப்பதான் முழுசா வாயைத் திறக்குது. டாக்டருக்கு சுத்தமாக் காது கேக்காதாம். வருஷக்கணக்கா! கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கிட்டு இருப்பாராம். கண்ணைத் திறக்கறப்ப எதிர்ல வாய் அசையலன்னா அடுத்த கேள்வியாம்."

அவள் போனை வைத்தாள். சிரிப்பு வந்தது.

"நீங்க தள்ளினது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது சார். அந்த மனுஷன் செவிடு. ஒரு வார்த்தை கேட்டதில்ல. நீங்களா எங்கிட்ட சொல்ற வரைக்கும் அது ரகசியமாத்தான் இருந்திருக்கு."

மஞ்சள் முகம் வெளுத்தது.

"அப்ப... என் ஆபரேஷன்?"

அறைக்குள் நுழைந்த சர்ஜன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"கண்டிப்பா பண்ணுங்க டாக்டர், நல்லாவே பண்ணுங்க. இவர் நூறு வயசு வரைக்கும் இருக்கணும்... ரூம் நாங்க போட்டாச்சு!"