பாதியாய் விழுந்த காமா

நயினாதீவிலிருந்து முதல் படகில் குறிகட்டுவானுக்கு வந்த பிரியவதனி, துப்பறிவாளர் ஞானசவுந்தரி காட்டிய கதிரையில் உட்காரவும் மறுத்தாள்.

"என்ரை மனுசன் ரெண்டு நாளாய்ச் சாப்பிடேல்லை அக்கா. இண்டைக்குப் பின்னேரம் காணொளியில விசாரணை. புளூட்டோனியம் கடத்தினதெண்டு முடிவெடுத்தால் ஆயுளுக்கும் சிறைதான். உசிரோட போகமாட்டன் எண்டுறார்."

அவள் கணவன் நிமலன் வெளிநாட்டில், எரிந்து முடிந்த அணு எரிபொருளைக் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரிக்கும் ஆலையொன்றின் கட்டுப்பாட்டறையில் பணியாற்றியவன். இடைநிறுத்தப்பட்டதும் ஊருக்கு வந்திருந்தான்.

திரும்பும் படகில் ஞானசவுந்தரியும் உதவியாளன் றொபேட்டும் ஏறினார்கள்.

வீட்டில் நிமலன் சுவரைப் பார்த்தபடியே பேசினான். "குழாயில கரைசல் ஓடேக்க அதில புளூட்டோனியம் எவ்வளவெண்டு வெளியில ரெண்டு கருவி நிண்டு அளக்கும். ஒண்டு காமாக் கதிர், மற்றது நியூத்திரன். அண்டைக்கு அரை மணித்தியாலம் காமா பாதியாய் விழுந்தது. நான்தான் அபாய மணி அடிச்சனான். பாதிக் கரைசலை வேறை பக்கம் திருப்பினதெண்டு என்னிலயே பழியைப் போட்டிட்டினம்."

"நியூத்திரன்?"

"அசையேல்லை. அந்தக் கருவி பழுது எண்டினம்."

பிரியவதனியின் அண்ணன் ஜெகதீஸ் தேநீர் கொண்டுவந்தான். அதே ஆலையில் குழாய் திருத்துபவன். நிமலனுக்கு வேலை எடுத்துக் கொடுத்தவன். இப்போது துணைக்கு வந்திருந்தான்.

"அங்கை நிண்டால் தலைமயிர் கொட்டுமோ அண்ணை?" என்றான் றொபேட்.

"உமக்குக் கொட்ட என்ன கிடக்கு? நெஞ்சில கதிர் அளக்கிற அட்டை இருக்கும். வருசத்துக்கான அளவு முட்டினால் வீட்டுக்கு அனுப்பிப்போடுவினம். மற்றத் திருத்துநர் எல்லாரும் போனவை. என்னை ஒருக்காலும் அனுப்பினதில்லை."

ஞானசவுந்தரி தேநீரைத் தொடவில்லை. "ரெண்டு கருவியும் சரியெண்டு வைப்பம். காமாவை மறிச்சு, நியூத்திரனை விடுறது எது?"

நிமலன் மெல்லத் திரும்பினான். "ஈயம்."

"கரைசல் குறைஞ்சிருந்தால் ரெண்டும் விழுந்திருக்கும். ஒண்டும் களவு போகேல்லை. ஆரோ குழாயில ஈயத் தகடு சாத்தியிருக்கினம்."

"நிமலன் அண்ணையே சாத்தியிருக்கலாமே?" றொபேட் அவசரப்பட்டான்.

"சாத்தினவர் மணியும் அடிப்பாரோ? அந்த நேரம் குழாய்க்குப் பக்கத்தில நிண்டது ஆர், நிமலன்?"

நிமலனின் பார்வை போன இடத்தில் ஜெகதீஸ் நின்றான்.

"அட்டையில கதிர் ஏறாமல் தகட்டை மறைப்பாய் வைச்சு வேலை செய்தனீர்," என்றார் ஞானசவுந்தரி. "அது கருவியையும் மறைச்சுப்போட்டுது. வேலை முடிஞ்சதும் கழற்றிக்கொண்டு போயிட்டீர். உம்மை ஒரு வருசமும் வீட்டுக்கு அனுப்பாததுக்கு அதுதான் காரணம்."

ஜெகதீஸ் தேநீர்த் தட்டைக் கீழே வைத்தான். "அனுமதியில்லாமல் ஈயம் வைச்சால் வேலையும் போகும், விசாவும் போகும். பிள்ளையளைக் கொண்டு எங்கை போறது? தேடிப்பாத்திட்டு இவரை விட்டிடுவினம் எண்டுதான் நினைச்சனான்."

பிரியவதனி அழவில்லை. விசாரணை அதிகாரியின் இலக்கத்தை அழுத்தி, தொலைபேசியை அண்ணனின் கையில் வைத்தாள்.

"நீங்களே சொல்லுங்கோ அண்ணை. நான் சொன்னால் பிறகு எனக்கு அண்ணன் இல்லை."

மறுமுனையில் ஒரு குரல் கேட்டது. ஜெகதீஸ் தன் பெயரைச் சொன்னான்.