முகவரியின் இரண்டாம் வரி

காலை 9.10. ஏழாம் கட்டிலில் கிடந்த லாரி ஓட்டுநருக்கு ஊசி போட்டார்கள். 9.25-க்கு ஆள் போய்விட்டார். பத்து மணிக்கெல்லாம் பழியை யார் தலையில் போடுவதென்று முடிவாகிவிட்டது. ஊசி போட்ட நர்ஸ், வேலைக்கு வந்து மூன்றே மாதம். வசதியான தலை!

10.40. இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். உட்காரவில்லை.

"பென்சிலின் ஆகாதுன்னு தெரியாதா?"

"டாக்டர் எழுதிக் கொடுத்தார் மேடம். கேக்கலாம்னா இவருக்கு நினைவில்ல, கூடவும் யாரும் இல்ல. கம்ப்யூட்டர்ல பார்த்தேன். 'ஒவ்வாமை: இல்லை'ன்னு இருந்துச்சு."

"எட்டு வருஷம் முன்னாடி இதே ஆஸ்பத்திரியில உடம்பெல்லாம் வீங்கிப் பொழச்சாரு! எழுதிக்கிட்டாங்களே, பாவிங்களா!" சேதி கேட்டு ஓடிவந்திருந்த ஓட்டுநரின் மனைவி கத்தினாள்.

பதிவு மேசை அம்மாள் வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு அவளைத் தாண்டிப்போய், ஒன்பதாம் கட்டிலில் இருந்த தன் அக்காவுக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

11.15. கீழ்த்தளம். புரோகிராமர் பழைய சர்வரைத் திறந்தான். பச்சை எழுத்தில் ஓட்டுநரின் முகவரி. முதல் வரியில் தெரு. இரண்டாம் வரியில், 'பென்சிலின் ஆகாது'.

"முகவரியில ஏன்யா இது?"

"பழைய சாஃப்ட்வேர்ல ஒவ்வாமைக்கு இடமே கிடையாது மேடம். பதிவு மேசையில கிடைச்ச இடத்துல அடிச்சிருக்காங்க. இது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். புது சாஃப்ட்வேர் மாத்தினப்ப முகவரியை முகவரியாவே புதுத் திரைக்கு இழுத்துட்டேன். எழுதிக் கேட்டேனே, பாருங்க."

காகிதத்தில் கேள்வி: இரண்டாம் வரியில் வேறு விவரம் உண்டா? பதில்: இல்லை. கீழே பதிவு மேசை அம்மாளின் கையெழுத்து.

"ஒவ்வாமைப் பெட்டி காலியா இருந்தா?"

"'இல்லை'ன்னு காட்டும்."

"காலின்னா தெரியாதுன்னு அர்த்தம்யா! சரி, அந்தப் பெட்டியில யாராவது எதாவது ஏத்தியிருக்காங்களா?"

"ஒரே ஒருத்தருக்கு. புதுத் திரை வந்த முதல் நாளே கையால ஏத்தியிருக்கு. ஒன்பதாம் கட்டில்."

"மொதல்ல புதுத் திரையை நிறுத்து. எல்லாருடைய இரண்டாம் வரியையும் அச்செடுத்து வார்டுக்கு அனுப்பு."

11.50. பதிவு மேசை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை தானா அடிக்கும். புரோகிராமர் கேட்டப்ப சுத்தமா மறந்துட்டேங்க."

"மறந்தவங்க, அக்காவுக்கு மட்டும் எப்படி ஞாபகமா புதுப் பெட்டியில ஏத்தினீங்க? பழைய குறிப்பு புதுப் பெட்டிக்கு வராதுன்னு தெரிஞ்சவங்கதான் அதைச் செய்வாங்க. தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான்."

கண்ணீர் சட்டென்று நின்றது.

"மாசக் கடைசியில என் மேசையைத் தூக்கறாங்க. ஒரு தப்பு நடந்தா பழசே போதும்னு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்."

"ஒரு மனுஷன் செத்துட்டான்ம்மா."

"என் அக்கா இல்லையே."

இன்ஸ்பெக்டருக்குக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு, அவளைக் கூட்டிப்போகச் சொன்னார். வெளியே வந்து நர்ஸின் தோளைத் தொட்டார்.

"உன் மேல தப்பில்லம்மா. வீட்டுக்குப் போ."

நர்ஸ் எழுந்திருக்கவில்லை.

"பாதி ஊசி ஏறினதும் அவருக்கு நினைவு வந்துச்சு மேடம். என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வேண்டாம் வேண்டாம்னு தலையை ஆட்டினார். பயப்படாதீங்கண்ணா, பார்த்துட்டுத்தான் போடறேன்னு சொல்லி, மீதியையும் போட்டு முடிச்சேன்."